கருதப்படுகிறது: கருதியவர் யார்?

கல்லூரியில் வேதியியல் செய்முறைக் குறிப்பேடு எழுதியவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். ‘நான் 20 மி.லி. கரைசலை எடுத்தேன்’ என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘20 மி.லி. கரைசல் எடுத்துக்கொள்ளப்பட்டது’ என்று திருத்துவார். ஏன் என்று கேட்டால், அறிவியலில் ‘நான்’ வரக்கூடாது என்பார். அவருக்கு அவருடைய ஆசிரியர் அப்படிச் சொல்லித் தந்தார். அந்த ஆசிரியர் ஆங்கில நூல்களிலிருந்து கற்றுக்கொண்டார்.

கரைசலைப் பொறுத்தவரையில் இதில் நட்டம் ஒன்றுமில்லை. முத்து எடுத்தாலும் மேரி எடுத்தாலும் 20 மி.லி. என்பது 20 மி.லி.தான். ஆனால் ஆங்கில அறிவியல் எழுத்தில் இதே வார்ப்பில் வேறொரு வகை வாக்கியமும் வருகிறது. ‘இட் இஸ் அஸ்யூம்டு தட்’, ‘இட் இஸ் பிலீவ்டு தட்’, ‘இட் இஸ் வெல் நோன் தட்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் அவை. தமிழில் இவற்றை ‘என்று கொள்ளப்படுகிறது’, ‘என்று கருதப்படுகிறது’, ‘என்பது நன்கு அறியப்பட்டதே’ என்று பெயர்த்து எழுதிவிடுகிறோம். கரைசலை எடுத்தவர் யார் என்பது வேண்டாத கேள்வி. ஒன்றைக் கருதியவர் யார், எதைப் பார்த்துக் கருதினார், எப்போது கருதினார் என்பவை வேண்டிய கேள்விகள். வாக்கியமோ இரண்டிடத்திலும் ஒரேமாதிரி ஆளை மறைத்துவிடுகிறது.

இந்த எழுத்து வழக்கம் எப்படி வந்தது, இத்தகைய ஒரு வாக்கியத்தை நம்பி உயிரியலார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எவ்வாறு தவறாக எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதை இங்கே பார்ப்போம்.

துண்டு போட்ட இடம்

ஆங்கில வாக்கியத்திற்கு எழுவாய் கட்டாயம். நாம் ‘குளிர்கிறது’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள முடியும். ஆங்கிலேயர் அங்கேயும் ‘இட்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து எழுவாயின் இடத்தில் வைத்தாக வேண்டும். அந்த ‘இட்’ எதையும் குறிப்பதில்லை. பேருந்தில் இடம் பிடிப்பதற்காகச் சன்னல் வழியே துண்டு போடுவார்களே, அதைப் போன்றது அது. துண்டுக்குரியவர் பிறகு வந்து அமர்வார். ‘இட் இஸ் அஸ்யூம்டு’ என்ற வாக்கியத்திலோ துண்டு மட்டும் கடைசிவரை கிடக்கிறது, ஆள் வருவதேயில்லை. ஆங்கில இலக்கணத்தை ஆழ்ந்து ஆராய்ந்த டென்மார்க் நாட்டு அறிஞர் ஆட்டோ யெஸ்பர்சன், ஆங்கிலச் செயப்பாட்டு வினை வாக்கியங்களில் பெரும்பாலானவை செய்தவர் யார் என்பதைச் சொல்லாமலே முடிகின்றன என்று கணக்கெடுத்துக் காட்டினார். செய்தவரைச் சொல்லாமல் விடுவதற்காகவே அந்த வினை பெரிதும் பயன்படுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

ஆள் இல்லாத இந்த வாக்கியம் ஒரே உருவில் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. தனி ஊசலைப் பற்றிய பாடத்தில் ‘நூலுக்கு எடையில்லை என்று கொள்ளப்படுகிறது’ என்று வரும். எடையில்லாத நூல் உலகில் கிடையாது. எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். கணக்கை எளிதாக்குவதற்காக எழுதியவர் அந்த நேரத்திற்கு வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. ‘பூமியின் மையப்பகுதி பெரும்பாலும் இரும்பாலானது என்று கருதப்படுகிறது’ என்பது வேறு வகை. அதன் பின்னால் நில நடுக்க அலைகளின் அளவீடுகள், பூமியின் அடர்த்தி, விண்கற்களின் கூறு என்று பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. மூன்றாவதில் எழுதுபவர் பிறர் கருத்தைச் சொல்லிவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்கிறார். அடுத்த வரியில் அதை மறுக்கப் போகிறார் என்றே பொருள். ‘இரைப்பையின் அமிலத்தில் நுண்ணுயிர் எதுவும் வாழ இயலாது என்று கருதப்பட்டு வந்தது’ என்ற வாக்கியத்தைப் படித்தவுடனேயே, அடுத்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1980களின் தொடக்கத்தில் இரைப்பைப் புண் நோயாளிகளிடம் கண்டறிந்த பாக்டீரியா வரப்போகிறது என்று ஊகித்துவிடலாம்.

மூன்றிலும் சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. எது ஏற்பாடு, எது முடிவு, எது வெறும் வதந்தி என்பதை வாசகரே கண்டுகொள்ள வேண்டும். தேர்ந்த ஆராய்ச்சியாளருக்கு இது எளிது. மாணவருக்கு எளிதன்று, எல்லாமே அச்சில் ஒரே எடையுடன் நிற்கின்றன.

பாயில் வைத்த அடையாளம்

ஆங்கிலத்தில் அறிவியல் எழுதத் தொடங்கிய காலத்தில் ‘நான்’ என்ற சொல்லுக்குத் தடை ஏதுமில்லை. 1660இல் ராபர்ட் பாயில், காற்றை வெளியேற்றும் பம்பைக் கொண்டு தாம் செய்த பரிசோதனைகளை நூலாக வெளியிட்டார். பம்பை உருவாக்குவதில் அவருக்குத் துணைநின்றவர் ராபர்ட் ஹூக். அந்நூலில் பாயில் ‘நான் இப்படிச் செய்தேன், இப்படிப் பார்த்தேன்’ என்றே பேசுகிறார். தோல்வியுற்ற பரிசோதனைகளையும் விடாமல் சொல்கிறார். பாதரச அழுத்தமானியைப் பம்பின் கண்ணாடிக் கலத்துக்குள் வைத்துக் காற்றை வெளியேற்றிய பரிசோதனையில், உடனிருந்து பார்த்தவர்கள் என்று ஜான் வாலிஸ், சேத் வார்டு, கிறிஸ்டோபர் ரென் ஆகியோரின் பெயர்களையும் தருகிறார். நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதைப் போன்ற எழுத்து அது. அதே 1660இல்தான் இலண்டன் ராயல் சொசைட்டி தோன்றியது. எவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்பதில்லை என்ற பொருள்படும் இலத்தீன் தொடரைத் தன் குறிக்கோளாக அது வைத்துக்கொண்டது. அதன் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665இல் தொடங்கிய ‘பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழ் இன்றும் வெளிவருகிறது.

பாயிலிடமும் ஓர் ஒளிவு உண்டு. அவருடைய பரிசோதனைகளில் பலவற்றை உண்மையில் கையால் செய்தவர்கள் அவர் சம்பளம் கொடுத்து வைத்திருந்த உதவியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் நூலில் இல்லை. இதை வரலாற்றறிஞர் ஸ்டீவன் ஷேப்பின் நன்கு எடுத்துக்காட்டியிருக்கிறார். ‘நான்’ என்று எழுதிவிட்டால் எல்லாம் வெளிச்சமாகிவிடும் என்பதில்லை.

ஆனால் நம் பொருளுக்கு முக்கியமானது பாயில் 1661இல் எழுதிய ஒரு முன்னுரைக் கட்டுரை. தம் நூல்களில் ‘ஒருவேளை’, ‘என்று தோன்றுகிறது’, ‘அவ்வாறு இருப்பதும் இயலாததன்று’ போன்ற தொடர்கள் ஏன் அடிக்கடி வருகின்றன என்று அதில் அவரே விளக்குகிறார். கண்ணால் கண்ட நிகழ்ச்சியைத் தயக்கமின்றிச் சொல்வது அவர் வழக்கம். அதற்குக் காரணம் கூறும்போதோ வேண்டுமென்றே தயங்குகிறார். தம் கருத்து உண்மையென்று தமக்கே உறுதியில்லை என்பதைக் காட்டத்தான் அச்சொற்கள். ‘இட் சீம்ஸ்’ என்பதும் ஆளில்லாத வாக்கியம்தான். ஆனால் பாயில் கையில் அது ஓர் எச்சரிக்கைப் பலகை. இதுவரை நான் பார்த்தது, இனி நான் ஊகிப்பது என்று எல்லை காட்டும் பலகை. அந்தப் பலகையின் இருபுறமும் ‘நான்’ நிற்கிறார்.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் பலகை இருந்தது; ‘நான்’ மெல்ல விலகினார். ‘பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழின் 1675 முதல் 1975 வரையிலான கட்டுரைகளை ஐம்பதாண்டு இடைவெளியில் எடுத்து ஆராய்ந்த டுவைட் அட்கின்சன் என்ற மொழியியலார், எழுதுபவரை மையமாகக் கொண்ட கதைபோன்ற நடை தேய்ந்து, பொருளையும் கருவியையும் மையமாகக் கொண்ட செயப்பாட்டு நடை வளர்ந்ததைக் காட்டியுள்ளார். ஒரே நாளில் நடந்த மாற்றமன்று. 1859இல் வந்த டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ இன்னும் ‘நான்’ என்றே தொடங்குகிறது. ‘நான் நினைக்கிறேன்’ என்று சொல்ல அவர் எங்கும் கூச்சப்படவில்லை.

மாற்றத்துக்குக் காரணங்கள் இருந்தன. பாயில் காலத்து அறிவியலார் வசதி படைத்த கனவான்கள். அவர்கள் சொல்லுக்கு அவர்களுடைய பெயரே பிணை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சி ஊதியத்துக்குச் செய்யும் தொழிலாயிற்று. ஆய்வகங்கள் பெருகின. ஒருவர் செய்ததை இன்னொருவர் எங்கிருந்தும் திரும்பச் செய்ய முடிய வேண்டும்; அப்போது செய்தவர் பெயர் எதற்கு? ஆய்வாளரின் விருப்பு வெறுப்பு எதுவும் படாமல் இயற்கை தானே தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற இலட்சியமும் அக்காலத்தில் ஓங்கியது. இவையெல்லாம் நியாயமானவைதான். செய்முறைப் பகுதியில் செயப்பாட்டு வினை வருவதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கோளாறு, அதே நடை கருத்துப் பகுதிக்கும் குடியேறியதில் இருக்கிறது. குடுவையைச் சூடாக்கியவர் மறைந்தார் என்பதற்காக, குடுவைக்குள் நடந்ததைப் பற்றி ஊகித்தவரும் மறைந்துவிட்டார்.

நாற்பத்தெட்டின் கதை

மனித உயிரணுவின் உட்கருவில் குரோமோசோம்கள் எத்தனை? இன்று பள்ளி மாணவரும் 46 என்பார். 1923 முதல் 1956 வரை உலகெங்கும் இதற்கு விடை 48. ‘மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்பது நன்கு அறியப்பட்டதே’ என்ற வகையில்தான் நூல்கள் அதைக் கூறிவந்தன.

இந்த வாக்கியத்தின் பின்னால் ஓர் ஆள் இருந்தார். டெக்சாஸ் பல்கலைக் கழகத்தின் தியாபிலஸ் பெயின்டர் அவர். அவர் சாதாரண ஆய்வாளர் அல்லர். பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள பெருங் குரோமோசோம்களைப் பயன்படுத்தி மரபுக்கூறுகளின் இருப்பிடத்தைக் கண்டறியும் வழியை 1933இல் காட்டியவர் அவரே. மனித விந்தகத் திசுவை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, கையால் வரைந்து அவர் எண்ணினார். அக்காலத்தில் வேறு வழி கிடையாது. அறுக்கும்போது குரோமோசோம்கள் துண்டாகும். ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். சுருண்டு கிடக்கும் ஒன்றை இரண்டென்று எண்ணிவிடவும் கூடும். வைக்கோற்போரை வெட்டிய குறுக்குப் பகுதியைப் பார்த்து உள்ளே எத்தனை வைக்கோல் என்று சொல்வதைப் போன்ற வேலை.

பெயின்டர் 1921இல் வெளியிட்ட முதற் குறிப்பில், தம் எண்ணிக்கைகள் 45 முதல் 48 வரை வேறுபடுவதாகவும், மிகத் தெளிவாகத் தெரிந்த உயிரணுக்களில் 46 மட்டுமே கண்டதாகவும் எழுதினார். நினைவில் வையுங்கள், இது 1921. அவருக்கு முன் 1912இல் ஹான்ஸ் ஃபான் வினிவார்ட்டர் ஆணுக்கு 47, பெண்ணுக்கு 48 என்று கூறியிருந்தார். மேலும் சில உயிரணுக்களை எண்ணிப் பார்த்தபின், 1923இல் வெளிவந்த விரிவான கட்டுரையில் பெயின்டர் 48 என்று முடிவு கட்டினார். முதற் குறிப்பிலிருந்த ‘45 முதல் 48 வரை’ என்ற தயக்கம், பாயில் நட்டுவைத்த பலகையைப் போன்ற அந்தத் தயக்கம், பிற்பாடு வந்த நூல்களில் காணாமற்போயிற்று. எண் மட்டும் நின்றது. எண்ணியவர் பெயரும் சில பதிப்புகளுக்குப் பிறகு கழன்றுவிட்டது. மிஞ்சியது, ‘அறியப்பட்டதே’.

அடுத்த முப்பதாண்டுகளில் பலர் எண்ணினார்கள். பலருக்கும் 48 கிடைத்தது! இது பொய்யுரைத்தல் அன்று. மங்கலான ஒரு படத்தில் 46ஆ 47ஆ 48ஆ என்று குழம்பும்போது, ‘நன்கு அறியப்பட்ட’ எண்ணை நோக்கிக் கண் தானாகவே சாய்கிறது. 46 தெரிந்தால், இரண்டு எங்கோ மறைந்திருக்க வேண்டும் என்று தேடுகிறோம். 48 தெரிந்தால் தேடலை நிறுத்திவிடுகிறோம். போதாக்குறைக்கு, சிம்பன்சிக்கு 48 என்று 1940இல் பெயின்டரும் பிறரும் கண்டார்கள். அது சரியான எண்தான். மனிதனுக்கும் 48 என்ற நம்பிக்கை அதனால் இன்னும் வலுப்பட்டது.

இக்கதையில் எனக்கு மிகவும் உறைக்கும் நிகழ்ச்சி 1952இல் நடந்தது. டெக்சாசிலுள்ள கால்வெஸ்டனில் டி. சி. சூ என்ற இளம் ஆராய்ச்சியாளர் மனிதக் கருவின் மண்ணீரல் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தார். ஒரு நாள், குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அழகாகப் பரவிக் கிடந்தன. மறுபடி செய்தால் வரவில்லை. பல மாதம் தேடியபின் காரணம் அகப்பட்டது: யாரோ தவறுதலாக உப்புச்செறிவு குறைந்த கரைசலைத் தயாரித்துவிட்டிருந்தார்கள். அந்தக் கரைசலில் உயிரணு நீரை உறிஞ்சி ஊதிப் பருக்கிறது. உள்ளிருக்கும் குரோமோசோம்கள் பிரிந்து நிற்கின்றன. எண்ணுவதற்கு அதுவரை எவருக்கும் வாய்க்காத நல்ல வழி அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சூ வெளியிட்ட எண் என்ன? 48. பின்னாளில், 1979இல், இத்துறையின் வரலாற்றை எழுதியபோது அவர் இதை மறைக்கவில்லை.

1955 டிசம்பரில் சுவீடனின் லுண்டு நகரில் ஜோ ஹின் சியோ என்பவர் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். அவர் ஜாவாவில் பிறந்தவர். தாவரக் குரோமோசோம்களில் தேர்ந்தவர். ஆல்பர்ட் லெவானின் ஆய்வகத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். சூவின் கரைசல் முறையோடு கொல்சிசின் என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டார்கள். நம் செங்காந்தளிலும் உள்ள நஞ்சுதான் கொல்சிசின். உயிரணுப் பிரிவை அது பாதியில் நிறுத்திவைக்கும். பிறகு உயிரணுவை அறுக்காமல் கண்ணாடியில் வைத்து நசுக்கிப் பரப்பினார்கள். நான்கு கருக்களின் நுரையீரலிலிருந்து வளர்த்த இருநூற்றுக்கும் மேற்பட்ட உயிரணுக்களை எண்ணினார்கள். 46, மறுபடியும் 46.

1956இல் ‘ஹெரெடிட்டாஸ்’ இதழில் வந்த அவர்களுடைய கட்டுரையில் ஒரு செய்தி இருக்கிறது. அதற்கு முந்தைய இளவேனிற் காலத்தில் அதே நாட்டில் ஈவா ஹான்சன் மெலாந்தர், இங்வே மெலாந்தர், ஸ்டிக் குல்லாந்தர் ஆகிய மூவர் கருவின் கல்லீரல் உயிரணுக்களை ஆராய்ந்தார்களாம். தெளிவான படங்கள் கிடைத்தன. எவ்வளவு எண்ணியும் 46க்கு மேல் வரவில்லை. 48 வந்தாக வேண்டுமே! வராததால், தங்கள் முறையில்தான் ஏதோ குறை என்று எண்ணி ஆய்வை நிறுத்தி வைத்துவிட்டார்கள். கண்ணெதிரே விடை இருந்தது. ‘நன்கு அறியப்பட்டதே’ என்ற வாக்கியம் அதைத் தவறு என்று சொல்லிவிட்டது. ‘1923இல் பெயின்டர் மெழுகுச் சீவல்களைப் பார்த்து 48 என்று எண்ணினார், அதற்கு இரண்டாண்டு முன் அவரே தெளிவான உயிரணுக்களில் 46 கண்டார்’ என்று நூல்கள் எழுதியிருந்தால் அந்த மூவரும் நிறுத்தியிருப்பார்களா என்று நினைத்துப் பார்க்கலாம்.

சியோவும் லெவானும் எப்படி எழுதினார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. ‘நாங்கள்’ என்று தங்களைச் சொல்லிக்கொண்டே எழுதினார்கள். மனிதனின் குரோமோசோம் எண்ணிக்கை 46 என்று பொதுப்படச் சொல்லிவிட விரும்பவில்லை, ஆனால் கண்டவற்றுக்கு அதுவே மிக இயல்பான விளக்கம் என்ற முடிவைத் தவிர்ப்பது கடினமாக இருக்கிறது என்ற கருத்துப்படச் சொன்னார்கள். முந்நூறு ஆண்டு கழித்துப் பாயிலின் பலகை திரும்பி வந்தது போலிருக்கிறது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் சார்லஸ் ஃபோர்டும் ஜான் ஹாமர்ட்டனும் விந்தகத் திசுவில் 23 இணைகளைக் கண்டு இதை உறுதிசெய்தார்கள்.

இரண்டு குரோமோசோம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று கேட்கலாம். 1959இல் பாரிசில் ஜெரோம் லெஜூன், மார்த்த கோத்தியே, ரேமோன் துர்ப்பேன் ஆகியோர் டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளின் உயிரணுக்களில் 47 குரோமோசோம்களைக் கண்டார்கள். சரியான எண் 46 என்று தெரிந்திருந்ததால் ‘ஒன்று அதிகம்’ என்று அறிய முடிந்தது. 48 என்றே நம்பிக்கொண்டிருந்தால் அதே படம் ‘ஒன்று குறைவு’ என்று தலைகீழாகப் படிக்கப்பட்டிருக்கும். சிம்பன்சிக்கு 48, நமக்கு 46 என்ற வேற்றுமைக்குக் காரணம், நம் முன்னோரிடம் தனித்தனியாக இருந்த இரண்டு குரோமோசோம்கள் இணைந்து நம் இரண்டாம் குரோமோசோம் ஆனதுதான். எண்ணே தவறாயிருந்தவரை அக்கேள்வியை எழுப்பவே வழியில்லை.

சோதித்தவர் யார் என்று கேட்டபோது

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் அதே 1956இல் நடந்தது. ஒரு நிகழ்ச்சியும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் இயற்கை விதிகளுக்கு ஒன்றே என்பது அன்றைய இயற்பியலின் அடிப்படை. இதை ‘பாரிட்டி’ பாதுகாப்பு என்பர். டி. டி. லீ, சி. என். யாங் என்ற இருவர், இது சோதித்து அறியப்பட்டதா, அல்லது வெறுமனே கொள்ளப்பட்டதா என்று தேடினார்கள். மின்காந்த விசைக்கும் அணுக்கரு விசைக்கும் நல்ல சான்றுகள் இருந்தன. பீட்டாச் சிதைவு போன்ற மெல்விசை நிகழ்ச்சிகளுக்கோ சான்று எதுவுமே இல்லை. அங்கே அது மற்ற இடங்களிலிருந்து நீட்டிக்கொண்ட ஊகம்தான். இதை எடுத்துச்சொல்லி, சோதிப்பதற்கான வழிகளையும் குறிப்பிட்டார்கள். சியென் ஷியுங் வூ அம்மையார் வாஷிங்டனில் தம் குழுவினருடன் மிகக் குறைந்த வெப்பநிலையில் கோபால்ட்-60ஐக் கொண்டு சோதித்தார். 1957 தொடக்கத்தில் முடிவு தெரிந்தது: மெல்விசையில் அந்த விதி செல்லாது. லீக்கும் யாங்குக்கும் அவ்வாண்டே நோபல் பரிசு கிடைத்தது. வூ அம்மையாருக்குக் கிடைக்கவில்லை. இதைக் குறையென்று சொல்பவர்களில் நானும் ஒருவன்.

அதே 1957இல் ‘மெட்டல் புராக்ரஸ்’ என்ற உலோகவியல் இதழில் சி. டி. கிரகாம் என்பவர் ஒரு நையாண்டி அகராதி வெளியிட்டார். ஆராய்ச்சிக் கட்டுரைத் தொடர்களுக்கு உண்மைப் பொருள் தரும் அகராதி அது. ‘என்று நம்பப்படுகிறது’ என்றால் ‘நான் நினைக்கிறேன்’ என்று பொருளாம். ‘பொதுவாக நம்பப்படுகிறது’ என்றால் ‘வேறு இரண்டு பேரும் அப்படி நினைக்கிறார்கள்’. ‘நெடுங்காலமாக அறியப்பட்டதே’ என்றால் ‘மூலக் கட்டுரையைத் தேடிப் பார்க்க எனக்குச் சோம்பல்’. உலகெங்கும் ஆய்வகச் சுவர்களில் இந்த அகராதியின் படிகள் ஒட்டப்பட்டன. சிரிப்பதற்காக எழுதியதுதான், 48இன் கதையைத் தெரிந்துகொண்டு படித்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

சற்று முன்னதாகவே, 1946இல், பீகாரின் மோதிகாரியில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் அரசியல் எழுத்தைப் பற்றிய கட்டுரையொன்றில், செய்வினையால் சொல்ல முடிகிற இடத்தில் செயப்பாட்டு வினையைப் பயன்படுத்தாதீர் என்று விதி வகுத்திருந்தார். அரசியல்வாதிகள் கேட்கவில்லை. 1876இல் அமெரிக்கத் தலைவர் கிராண்ட் கையாண்ட ‘தவறுகள் செய்யப்பட்டன’ என்ற சாயலிலான வாசகத்தை 1987இல் ரீகனும் கையாண்டார். 1963இல் பீட்டர் மெடவர், அறிவியல் கட்டுரை என்பதே ஒரு மோசடியா என்று பி.பி.சி. வானொலியில் கேட்டார். தகவல்கள் பொய் என்று அவர் சொல்லவில்லை. முதலில் ஊகம், பிறகு சோதனை என்று நடந்த வேலையை, ஊகமே இல்லாமல் பார்த்ததும் முடிவு தானே விளைந்ததுபோல் எழுதுகிறார்களே என்பதுதான் அவர் குறை. இன்று ‘நேச்சர்’ போன்ற இதழ்கள் ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதுவதையே விரும்புகின்றன. செய்முறையில் ஆள் திரும்பிவிட்டார். முன்னுரையில் ‘பொதுவாகக் கருதப்படுகிறது’ என்பது மட்டும் இன்னும் குறையவில்லை.

தமிழில் எழுதும்போது

ஆளை மறைக்கத் தமிழுக்கும் தெரியும். ‘சோறு வெந்தது’, ‘கதவு திறந்தது’ என்கிறோம். செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்லும் இவ்வழக்கைத் தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. மெழுகிய பெண் அங்கே இல்லை. ஆனால் கருத்தைச் சொல்லும் இடத்தில் தொல்காப்பியர் கையாளும் சொல் ‘என்ப’. ‘என்று சொல்வர்’ என்பது அதன் பொருள். சொல்பவர் புலவர் என்பதைப் பல இடங்களில் அவர் வெளிப்படையாகவே கூறுகிறார். பெயர் இல்லாவிட்டாலும் அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். ‘கருதப்படுகிறது’ என்பது ஆங்கில நூல்களைப் பெயர்த்தபோது பெருகிய வழக்கு.

கணிதப் பாடநூல்களில் ‘எனக் கொள்க’ என்று எழுதுவதும் நல்ல வழக்கம். நூலுக்கு எடையில்லை எனக் கொள்க என்றால், அது இந்தக் கணக்குக்கான ஏற்பாடு என்பது மாணவருக்கு ஐயமின்றி விளங்கும். இன்னொரு வசதியும் நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘வீ’ என்ற ஒரே சொல், கேட்பவரைச் சேர்த்தும் பேசும், விலக்கியும் பேசும். தமிழில் பெயர்ப்பவர் அங்கே ஒரு முடிவெடுத்தே தீர வேண்டும். சியோ, லெவான் இருவரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தமிழாக்குபவர் ‘நாங்கள் 46 கண்டோம்’ என்றுதான் எழுத முடியும். ‘மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்று நாம் அறிவோம்’ என்று எழுத, ஃபோர்டும் ஹாமர்ட்டனும் எண்ணி முடிக்கும்வரையாவது அவர் காத்திருக்க வேண்டும்.